முதலில் யாரைச் சொன்னாய்?

மனிதர்களுக்குப் பலவிதப் பைத்தியங்கள் உண்டு. சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள். சிலர் சினிமாப் பாட்டைக் கேட்டுவிட்டு, அது என்ன ராகம் என்று சண்டை பிடிக்கிறார்கள். என் பைத்தியம், நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குக் கைப்பேசியில் பிறக்கும் கால்பந்துப் புதிர். நம் சங்கத்திலேயே எனக்குத் துணையாக இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை இங்கே வெளியிட்டு மானத்தை வாங்க எனக்கு விருப்பமில்லை.

புதிர் இன்னதென்று அறியாத பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன். 2021-ஆம் ஆண்டில் ஜோஷ் வார்டில் என்பவர், சொல் விளையாட்டில் ஆசை கொண்ட தம் துணைவிக்காகச் செய்த ‘வேர்டில்’ என்னும் ஆட்டத்தை உலகத்துக்கும் திறந்துவிட்டார். நாளுக்கு ஒரே சொல், ஆறே வாய்ப்பு, எல்லோருக்கும் அதே சொல். சில மாதங்களில் உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. கால்பந்து ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? தங்களுக்கென்றும் பல புதிர்களைப் படைத்துக்கொண்டார்கள். நான் ஆடுவதில், ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கை கிளப் கிளப்பாக விரியும். முதலில் ஒரு கிளப்பின் பெயர் மட்டும் தெரியும். ஆள் யாரென்று சொல்ல வேண்டும். தவறினால் அடுத்த கிளப் தெரியும். வாய்ப்புகள் தீருமுன் சொல்லிவிட்டால் வெற்றி.

ஒரு நாள் எவர்ட்டன், பெருஜியா, இன்டர் மிலான் என்று போய்க்கொண்டிருந்த பட்டியல், ‘சென்னையின்’ என்று முடிந்தது. படுக்கையிலிருந்து துள்ளி எழுந்துவிட்டேன். 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜிடான் தலையால் முட்டினாரே, அந்த மார்புக்குச் சொந்தக்காரர் மார்க்கோ மட்டராஸி! 2014-இல் அவர் சென்னை அணிக்கு ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாக வந்தபோது, பன்னிரண்டு வயதுச் சிறுமியாகிய நான் நேரு ஸ்டேடியத்தில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்.

அப்பா பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். நான் பௌதிகம் படிக்கக் கொல்கத்தாவுக்கு வந்தபின், அவருக்கும் இந்தப் புதிரைப் பழக்கிவிட்டேன். இரவு ஒன்பது மணிக்கு அவர் கூப்பிடுவார். விடையைப் பற்றி அவர் கேட்பதே இல்லை. அது இருவருக்கும் தெரிந்ததுதானே? அவருடைய கேள்வி ஒன்றே ஒன்று: “முதல்ல யாரைச் சொன்னேம்மா?”

நான் சொல்லுவேன். அவர் சிரிப்பார். “அவன் எப்படி அங்கே ஆடியிருப்பான்?” என்பார். பிறகு அவர் சொன்ன தவறு இன்னும் பெரிதாயிருக்கும். ஒரு தவறான பெயரிலிருந்து பேச்சு ஏதோ ஓர் ஆட்டத்துக்குத் தாவும். அதைப் பார்த்த இரவுக்குத் தாவும். அன்று அம்மா என்ன திட்டினாள் என்பதில் முடியும். வீட்டைவிட்டு வந்த எனக்கு அந்தப் பத்து நிமிஷந்தான் பெரம்பூர்.

இப்படி என் தொடர் வெற்றி 112 நாளைத் தொட்டது. அங்கேதான் வந்தது வினை.

அன்று ஆய்வுக்கூடத்திலிருந்து அறைக்கு வரும்போது மணி ஏழு. புதிரைத் திறந்தேன். ‘அயாக்ஸ்’ என்றது. மூளை ஓடவில்லை. 112-ஐ இழக்கவும் மனமில்லை. கைப்பேசியிலேயே விடையைத் தேடி எடுத்தேன்: கிளாரன்ஸ் சீடோர்ஃப். முதல் வாய்ப்பிலேயே சொன்னால் சந்தேகம் வருமென்று, வாய்க்கு வந்த இரண்டு பெயர்களை முன்னால் போட்டுவிட்டு, மூன்றாவதாக அவரைச் சொன்னேன். பச்சைக் கட்டம் மலர்ந்தது. 113!

ஒன்பது மணி. “முதல்ல யாரைச் சொன்னேம்மா?”

“பஃபன்.”

“அயாக்ஸைப் பார்த்துட்டா பஃபனைச் சொன்னே?”

இத்தாலியில் பார்மா, யுவென்டஸ் என்று காலங்கழித்த கோல்காப்பாளருக்கும் ஹாலந்துக்கும் என்ன சம்பந்தம்? என் வாயில் பதில் இல்லை. மறுமுனையிலும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “சரி, சாப்பிட்டியா?” என்றார். அவ்வளவுதான். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ‘சாப்பிட்டியா, தூங்கினியா’ என்பதோடு பேச்சு முடிந்தது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு விதி உண்டு. அளவீடு தவறாகிவிட்டால் ரப்பரால் அழிக்கக் கூடாது. அதன்மேல் ஒரே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். அடித்தது என்ன என்பதும் படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். மூன்றாம் நாள் காலை அப்படி ஓர் எண்ணின்மேல் கோடு கிழிக்கும்போது கை நின்றுவிட்டது. எங்கள் இருவருக்குமிடையே இருந்த நோட்டுப் புத்தகம் அந்தத் தவறான பெயர்கள்தான். அதில் நான் பொய்யை எழுதிவிட்டேன்.

அன்றைய புதிரை நான் ஆடவில்லை. தொடர் பூஜ்யமாயிற்று. இரவு நானே கூப்பிட்டேன்.

“அப்பா, சீடோர்ஃப் நான் கண்டுபிடிச்சதில்லை. பார்த்து எழுதினது.”

“தெரியும்மா.”

“பின்னே ஏன் கேட்கலை?”

“கேட்டா நீ இன்னொரு பெயர் சொல்லியிருப்பே.”

கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடங்கினார். “கைப்பேசி கேட்காத புதிர் ஒண்ணு நான் கேட்கிறேன். உங்க ஊரு மூணு பெரிய கிளப்புக்கும் ஆடினவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டிலே தங்கம் வாங்கின குழுவிலே இருந்தவர். யாரு?”

“சுனி கோஸ்வாமி?”

“அவர் மோகன் பகானை விட்டு எங்கேம்மா போனார்?”

“பி.கே. பானர்ஜி?”

“அடப்பாவி! அவர் ஈஸ்டர்ன் ரயில்வேக்காரர். ரயில்வே சோறு தின்னு வளர்ந்த பெண் இதைச் சொல்லலாமா?” அப்பா சிரித்த சிரிப்பு அறை முழுவதும் கேட்டது. “இன்னொரு குறிப்பு. கோல் காத்தவர். பட்டாளத்திலே, மதராஸ் ரெஜிமெண்டல் சென்டருக்கு ஆடினவர்.”

நான் விழித்தேன். என் அறைத்தோழி வங்காளத்துப் பெண். ஈஸ்ட் பெங்கால் வென்றால் இல்லீசு மீன், தோற்றால் பட்டினி என்று வாழ்கிறவள். தமிழ் அறியாத அவள், காதில் விழுந்த பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு, என்ன கேள்வி என்று ஜாடையில் விசாரித்தாள். சொன்னேன். யோசிக்கவேயில்லை, “தொங்கராஜ்!” என்றாள்.

பீட்டர் தங்கராஜ்! மைதானத்தில் அந்த மூன்று கிளப்புகளின் கூடாரங்களையும் தாண்டித்தான் எத்தனையோ மாலைகளில் நடந்திருக்கிறேன். தமிழ்ப் பெயர் கொண்ட ஒருவர் மூன்றுக்கும் கோல் காத்தார் என்பது எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“அப்பா, விடை தங்கராஜ். ஆனா இது என் விடை இல்லை. பக்கத்துக் கட்டில்லேருந்து வந்தது.”

“அப்போ மதிப்பெண் அந்தப் பெண்ணுக்குத்தான்,” என்றார் அப்பா.

இன்று என் தொடர் வெறும் 9 நாள்தான். இன்றைய முதல் பெயரும் படுமோசமான தவறு. ஒன்பது மணிக்காகக் காத்திருக்கிறேன்.