தேவையில்லாத ஆணியும் சில ஓட்டைகளும்

எட்டு மாசமா நான் புடுங்கின ஆணி அத்தனையும் தேவையில்லாத ஆணின்னு போன வியாழக்கிழமை ஒரு மீட்டிங்ல சொல்லிட்டாங்க. க்ளையண்ட்டுக்கு மனசு மாறிடுச்சாம். ப்ராஜெக்ட்டுக்கு மூடுவிழா. நான் எழுதின கோட் ஒரு தடவை கூட லைவ் போகல.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம உருண்டப்போ சிக்கினவர்தான் கான்லன் நான்காரோ. பியானோ இசைதான், ஆனா வாசிக்க ஆள் கிடையாது. ப்ளேயர் பியானோன்னு ஒரு வஸ்து. பேப்பர் சுருள்ல ஓட்டை போட்டு மாட்டினா, ஓட்டை வர்ற இடத்துல காத்து புகுந்து, அதுக்கான சுத்தியல் தானா கம்பியில அடிக்கும். நம்ம பாஷையில, ஓட்டைதான் கோட். அன்டூ எல்லாம் கிடையாது :)

மனுஷன் 1912ல அமெரிக்காவுல பொறந்தவர். ஸ்பெயின் உள்நாட்டுப் போர்ல ஃப்ராங்கோவை எதிர்த்துச் சண்டை போட்டுட்டு 1939ல ஊர் திரும்பினா, கம்யூனிஸ்ட்டுன்னு பாஸ்போர்ட் தர மறுத்துட்டாங்க. 1940ல மெக்சிகோ சிட்டிக்குப் போயிட்டார். அவரோட தாளக்கணக்கை ஒழுங்கா வாசிக்க ஆள் கிடைக்கல. ஆளே வேணாம்டான்னு 1947ல நியூயார்க் போய், சுருள்ல துளை போடுற மெஷின் ஒண்ணு செய்யச் சொல்லி வாங்கிட்டு வந்தார். அப்புறம் ஓட்டை, ஓட்டை, ஓட்டைதான். சில நிமிஷ இசைக்கு மாசக்கணக்குல, கையாலயே. இப்படி 50 'ஸ்டடி' கிட்ட வரும். 33வதுல வேக விகிதமே இரண்டின் வர்க்கமூலத்துக்கு 2. எந்த விரல் அதை எண்ணும்?

கேட்கத்தான் ரொம்ப வருஷம் ஆள் இல்ல. 1982ல மெக்ஆர்தர் உதவித்தொகை வந்தப்போ கிட்டத்தட்ட 70 வயசு.

எனக்கு எட்டு மாசத்துக்கே வயித்தெரிச்சல். ஆனா ஒண்ணு, அவர் ஓட்டை போட்டது அவருக்காக. நான் தட்டினது எவனோ கேட்டதுக்காக. ரெண்டும் ஒண்ணுன்னு ஜல்லியடிக்க மாட்டேன். இந்த எட்டு மாசத்துல எனக்காகன்னு ஒரு வரி கூட எழுதலைங்கிறதுதான் அப்போ உறைச்சது.

ரூம்மேட்டை எழுப்பி 21வது ஸ்டடியைப் போட்டேன். ஒரு குரல் மெதுவா ஆரம்பிச்சு வேகம் எடுத்துட்டே போகும். இன்னொண்ணு தலைதெறிக்க ஆரம்பிச்சு அடங்கிட்டே வரும். நடுவுல ஒரு இடத்துல ஒண்ணையொண்ணு தாண்டிப் போகும்.

"யாருடா பியானோவ மாடிப்படியில உருட்டி விட்டது?"ன்னான்.

முடிஞ்சதும் கொஞ்ச நேரம் பேசல. "தாண்டுற இடத்தை விட்டுட்டேன். முதல்லேர்ந்து போடு."