வானம் பார்த்த படகு

விருதுநகர் ஜில்லாவில் ஒருவர் சொந்தமாகப் படகு வைத்திருக்கிறார் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். மொட்டைத் தலையன் சீப்பு வாங்கிய கதையல்லவா இது? எங்கள் சீமை வானம் பார்த்த பூமி. இந்த வறட்சியை நம்பித்தான் சிவகாசி பிழைக்கிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்து 1923-இல் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலும், அதன் பின்னால் வந்த பட்டாசும், காய்கிற வெயிலைக் கேட்கிற தொழில்கள். மழை பெய்தால் அங்கே பலருக்கு முகம் சுண்டிவிடும்.

அப்படிப்பட்ட சிவகாசியில் காலண்டர் அச்சகம் வைத்திருக்கும் என் தங்கையின் கணவர்தான் அந்தப் படகுக்குச் சொந்தக்காரர். தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவர். "மச்சான், இருபது வருஷமாக் காகிதத் தூசியிலே கிடக்கேன். தண்ணி மேலே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும்" என்பார். நால்வர் உட்காரக் கூடிய பைபர் படகு ஒன்றை வாங்கினார். சத்தமில்லாமல் ஓட வேண்டும் என்று அதன் பின்புறத்தில் மின்சார மோட்டார் ஒன்றை மாட்டினார். ஊருக்கு மேற்கே ஒரு கண்மாய். மீன்பாசிக் குத்தகைக்காரர் நண்பர். மழை வைத்தால் இரண்டு மாதம், இரண்டரை மாதம் அதில் தண்ணீர் நிற்கும். படகுக்கும் அவ்வளவுதான் வாழ்வு.

முதல் தவறு, பழைய காரிலிருந்து கழற்றிய பாட்டரியை அதில் வைத்தது. கார் பாட்டரி ஒரே மூச்சில் ஓடி நின்றுவிடுகிற பந்தயக்காரன். இயந்திரத்தைக் கிளப்புகிற சில விநாடிகளுக்குப் பெரிய மின்சாரத்தைக் கொட்டும்; பிறகு ஓய்வுதான். அதற்காகவே அதன் ஈயத் தகடுகளை மெல்லியதாக, நிறைய வைத்து அடுக்கியிருக்கிறார்கள். படகுக்கு வேண்டியதோ வண்டி மாடு. மெதுவாக, மணிக்கணக்காக இழுக்க வேண்டும். அதற்குத் தகடு தடிப்பாக இருக்க வேண்டும். மின்வெட்டுக் காலத்தில் நம் வீடுகளில் குடியேறியதே, இன்வெர்ட்டருக்குரிய டியூபுலர் பாட்டரி, அது இந்த இனம். கார் பாட்டரி நாலு மாதத்தில் உயிரை விட்டது. மாப்பிள்ளை டியூபுலருக்கு மாறினார். அதன் எடை ஏறக்குறைய ஓர் ஆள் எடை. "மூணு பேர் ஏறலாம், நாலாவது ஆள் பாட்டரி" என்று என் தங்கை கேலி செய்வாள்.

எவ்வளவு பெரிய பாட்டரி வேண்டும் என்பதற்குப் பெரிய கணக்கொன்றும் இல்லை. எங்கள் மோட்டார் முழு வேகத்தில் 30 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி பாட்டரி என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்று மனம் சொல்லும். அதை நம்பக் கூடாது. ஈய பாட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறைகிறது. ஆகவே 50-ஐ 30-ஆல் வகுக்க வேண்டும். ஒன்றரை மணிக்குச் சற்று மேலே. அதிலும் திரும்பி வருவதற்குப் பாதி. களஞ்சியத்தில் விதை நெல்லைத் தொடாத குடியானவன் கணக்கு இது.

இவ்வளவும் தெரிந்துகொண்டோம். தெரிந்துகொள்ளாதது ஒன்று இருந்தது. மாசி மாதம் கண்மாய் வற்றியது. படகைக் கவிழ்த்துப் போட்டுத் தார்ப்பாயால் மூடினோம். பாட்டரியைக் கழற்றி அச்சகத்தின் பின்கட்டில், காகிதக் கட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தோம். ஒன்பது மாதம் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வேலை செய்யாத பொருள் தேயாது என்றுதானே நினைப்போம்?

2023 டிசம்பர் 17-ஆம் தேதி தென் ஜில்லாக்களில் மழை பிடித்துக்கொண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை கொள்ளாமல் போயிற்று. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பிரயாணிகள் சிக்கிக்கொண்ட செய்தி வந்தது. மாப்பிள்ளையின் அக்காள் அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்தார். திங்கட்கிழமை காலையோடு அவருடைய டெலிபோன் ஓய்ந்துவிட்டது. அவர் சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்.

அன்று இரவு பாட்டரியைச் சார்ஜரில் போட்டோம். இரண்டு மணி நேரத்திலேயே நிறைந்துவிட்டதென்று பச்சை விளக்கு எரிந்தது. நல்ல பாட்டரி, சீக்கிரம் பிடித்துக்கொண்டது என்று சந்தோஷப்பட்டோம். செவ்வாய்க்கிழமை விடியுமுன் படகைக் குட்டி லாரியில் ஏற்றிப் புறப்பட்டு, சுற்றிச் சுற்றிப் போய், சாலை தண்ணீருக்குள் இறங்குகிற இடத்தில் நின்றோம். படகை இறக்கி மோட்டாரைத் திருகினார் மாப்பிள்ளை. சுற்றியது. வாழைத் தோட்டத்தைத் தாண்டுவதற்குள் முனகியது, நின்றது. விளக்கு மட்டும் எரிந்தது, மோட்டார் அசையவில்லை.

மூங்கில் கம்பை ஊன்றி ஊன்றிப் போனோம். இருபது நிமிஷ வழிக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. அக்காள் மொட்டை மாடியில் பேரப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். தம்பியைப் பார்த்து, "படகு வாங்கியிருக்கேன்னு பெருமையாச் சொன்னியே, கம்பு வச்சுத் தள்ளுறதுதானா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவரையும் பிள்ளைகளையும் கரை சேர்த்தோம். அடுத்த மாடியிலும் ஆட்கள் நின்று கையசைத்தார்கள். மறுபடி போவதற்கு எங்கள் கையில் தெம்பில்லை. சாயந்தரம் தூத்துக்குடி மீனவர்கள் படகோடு வந்து அவர்களை இறக்கினார்கள். யாருக்கும் ஆபத்தில்லை. ஆனாலும் அந்தக் கைகள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

பிறகு விசாரித்ததில் விஷயம் புரிந்தது. ஈய பாட்டரி சும்மா கிடந்தாலும் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தியை இழக்கும். வெயில் ஏற ஏற இழப்பும் ஏறும். இறங்கிய நிலையிலேயே விட்டுவிட்டால் தகடுகளின் மேல் படியும் ஈய சல்பேட் இறுகிக் கல்லாகிவிடுகிறது. அப்புறம் உள்ளே மின்சாரம் போக இடமில்லை. அதனால்தான் சீக்கிரம் நிறைந்தது போல் காட்டியது. மண் மேடிட்ட கண்மாய் ஒரே மழையில் நிரம்பி வழிகிறதல்லவா? அந்த மாதிரி.

இப்போது மாப்பிள்ளை தமிழ் மாதப் பிறப்பன்று பாட்டரியைச் சார்ஜ் செய்கிறார். தகடு வெளியே தெரியாமல் பாட்டரித் தண்ணீர் விடுகிறார். மேலே வரை நிரப்புவதானால் சார்ஜ் ஆன பிறகுதான். பருப்பு வேகாத எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை அதில் விடுவதில்லை. முனைகளைத் துடைத்து வாஸ்லின் பூசுகிறார். பச்சை விளக்கை நம்புவதில்லை. ஹைட்ரோமீட்டரை ஒவ்வோர் அறையிலும் விட்டு, 1.265 பக்கத்தில் காட்டுகிறதா என்று பார்க்கிறார். ஓர் அறை மட்டும் பின்தங்கினால் அதுதான் முதல் எச்சரிக்கை.

சார்ஜ் செய்யும் இடத்தை மாற்றியவர் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் பெரியப்பா. பாட்டரி கொதிக்கும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும். காகிதக் கட்டுகளுக்கு நடுவே நாங்கள் அதைச் செய்திருக்கிறோம்! "மருந்து அறைக்குள்ளே போறவன் செம்புத் தகட்டைத் தொட்டுட்டுத்தாண்டா போவான். உடம்பிலே இருக்கிற மின்சாரம்கூட அங்கே ஆகாது. நீங்க இரும்புச் சாவியை அது மேலேயே வச்சிருக்கீங்க" என்று திட்டினார். இப்போது திறந்த கூரைக்கடியில்தான் சார்ஜ். கம்பிகளை மாட்டிய பிறகே சுவிட்சு. சுவிட்சை அணைத்த பிறகே கழற்றுவது. படகிலும் பாட்டரியைக் காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் நடுவாக, தாழ்வாக வைத்து வாரால் கட்டியிருக்கிறார். கடலுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். உப்புத் தண்ணீர் திராவகத்தில் கலந்தால் குளோரின் என்ற விஷவாயு கிளம்பும்.

"லித்தியத்துக்கு மாறிவிடுங்களேன்" என்றேன் ஒரு நாள். 2017-இல் வைக்கம் காயலில் விட்ட சூரிய சக்திப் படகு லித்தியம் பாட்டரியில்தான் 75 பேரை ஏற்றிக்கொண்டு ஓடத் தொடங்கியது. எடை மூன்றில் ஒரு பங்குதான். பெரும்பகுதிச் சக்தியையும் எடுத்துக்கொள்ளலாம். சும்மா வைக்கும்போது பாதி சார்ஜில் வைத்தால் போதும், ஈயத்துக்கு நேர் மாறு. விலைதான் கையைச் சுடும். அதற்கென்று தனிச் சார்ஜரும் வேண்டும். மாப்பிள்ளை யோசித்துவிட்டு, "அதுவும் மறந்து போனால் செத்துத்தானே போகும், மச்சான்? முதல்லே மறக்காம இருக்கப் பழகிக்கிறேன்" என்றார்.

எங்கள் முன்னோர் கோடையில்தான் கண்மாயைக் குடிமராமத்துச் செய்தார்கள். வண்டல் அள்ளி, மடையைச் சரிபார்த்து, கரையை உயர்த்தினார்கள். மழை வந்த பிறகு மண்வெட்டி தேடியவர்கள் அல்ல.

இந்த வருஷம் கண்மாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை. படகு கவிழ்ந்தபடியே கிடக்கிறது. நேற்று மாதப் பிறப்பு. பின்கட்டுக் கூரையின் கீழ் பாட்டரி மெல்லக் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.