கோட்டையாய் நின்ற கோயிலும் குறையாய் நின்ற துப்பாக்கியும்

திருவண்ணாமலைக்கு யாத்திரை செல்வோர் முதலில் அண்ணாந்து பார்ப்பது கிழக்கு ராஜகோபுரத்தை. பதினொரு நிலைகளோடு 217 அடி உயர்ந்து நிற்கும் அக்கோபுரத்தைப் பார்த்த கண், பிறகு மலையை நாடுகிறது. மனம் கிரிவலப் பாதையின் பதினான்கு கிலோமீட்டரை எண்ணத் தொடங்குகிறது. கோயிலைச் சூழ்ந்திருக்கும் மதிலை நின்று பார்ப்போர் மிகச் சிலரே. நாம் மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் அந்த மதிலைத்தான் முதலில் காட்டுவது வழக்கம். திருடனுக்கு அஞ்சி மட்டும் இவ்வளவு கனமான சுவர் எழுப்புவார்களா? பதினெட்டாம் நூற்றாண்டில் ஆற்காட்டுச் சீமையைப் பங்கு போட வந்த படைகளுக்கெல்லாம் இந்தக் கோயில் ஒரு கோட்டையாகவே தோன்றிற்று.

1757-ஆம் வருஷம் சூப்பீர் என்னும் பிரெஞ்சுத் தளபதி இவ்வூரைக் கைப்பற்றினான். 1760-இல் காப்டன் ஸ்டீபன் ஸ்மித்தின் தலைமையில் ஆங்கிலேயர் பிடித்துக் கொண்டனர். 1767 செப்டம்பர் 3-ஆம் தேதி, இங்கிருந்து மேற்கே பெங்களூர் செல்லும் வழியிலுள்ள செங்கம் கணவாயில், ஹைதர் அலியும் நிஜாமும் சேர்ந்து கர்னல் ஜோஸப் ஸ்மித்தின் படையை எதிர்த்தனர். அம்மாதக் கடைசியில் திருவண்ணாமலைக்கு அருகிலேயே மீண்டும் பெரும் போர் மூண்டது. ஹைதரும் நிஜாமும் பின்வாங்க நேர்ந்தது. 1790-இல் திப்பு சுல்தான் இவ்வூரைப் பிடித்தார். தீபத் திருநாளில் ஜோதி காண மக்கள் கூடும் இந்த மலையடிவாரம், அந்நாளில் வெடிமருந்துப் புகையையும் கண்டது.

இதைச் சொன்னதும் மாணவர்கள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள்: "ஐயா, அந்தத் துப்பாக்கிகளெல்லாம் எங்கே போயின?"

நல்ல கேள்விதான். விடை வேண்டுமானால் துப்பாக்கியின் உறுப்புகளைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். அக்காலத்தில் திரியால் தீ மூட்டுவது ஒரு வகை. சக்கிமுக்கிக் கல்லால் பொறி பறக்கச் செய்வது மற்றொரு வகை. எவ்வகையாயினும் கொல்லன் அரத்தால் ராவி ராவிப் பொருத்தியதே. ஒரு துப்பாக்கியின் விசை அடுத்த துப்பாக்கியில் சேராது. ஒன்றின் திருகாணி மற்றொன்றின் துளையில் இறங்காது. ஒரு சிறு வில் முறிந்தால், புதிய வில்லை உலையில் காய்ச்சி அடித்துப் பொருத்தும் வரையில் துப்பாக்கி வெறும் தடிதான். இப்படிப் பழுதானவை மீண்டும் இரும்பாய் உலைக்குள் போவதும் இயல்பு. போரிட்ட மன்னர்களின் பெயர்கள் ஏட்டில் நின்றன. ஆயுதத்தில் பெரும்பகுதி அரிவாளாகவும் கடப்பாரையாகவும் மாறியிருந்தால் வியப்பதற்கில்லை.

செங்கம் போருக்குப் பதினெட்டு ஆண்டு கழித்து, 1785-இல், பாரிஸ் நகரில் ஒரு விந்தை நிகழ்ந்தது. ஓனோரே பிளாங்க் என்ற தொழிலாளி, ஐம்பது துப்பாக்கி விசைப்பொறிகளைத் தனித்தனி உறுப்பாகப் பிரித்துப் பெட்டிகளில் போட்டு வைத்திருந்தான். அப்போது அமெரிக்கத் தூதராக அங்கிருந்த தாமஸ் ஜெபர்ஸன், கைக்கு வந்த உறுப்புகளை எடுத்துத் தாமே சில பொறிகளைக் கோத்துப் பார்த்தார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின! எதை எடுத்தாலும் எதிலும் சேரும் என்ற அந்தத் தத்துவம் பின்னர் அமெரிக்க ஆயுதசாலைகளில் இயந்திரமாக வளர்ந்தது. 1850-களில் அவ்வியந்திரங்கள் இங்கிலாந்தின் என்பீல்டு தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தன.

என்பீல்டு என்றதும் நமக்கு 1857 நினைவுக்கு வருகிறது. கொழுப்புத் தடவிய தோட்டாவின் கதையை அறியாத இந்தியர் இல்லை. அதன் பிறகு நடந்ததை அறிந்தவர் குறைவு. ரைபிள் குழலின் உட்புறம் திருகு போன்ற வரிகள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு சுழன்று நேராகப் பாய்வது அவற்றால்தான். புரட்சி அடங்கியபின் இந்தியச் சிப்பாய்களுக்கென, அவ்வரிகள் இல்லாத வழுவழுப்பான குழல்களோடு துப்பாக்கிகள் செய்யப்பட்டன. உருவத்தில் ரைபிள், உள்ளே அதன் உயிர்நிலை இல்லை! 1878-இல் வந்த ஆயுதச் சட்டம் சாமானிய மக்களையும் உரிமம் என்னும் வேலிக்குள் அடைத்தது. விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக 1931-இல் கராச்சி காங்கிரஸ் சேர்த்தது என்றால், அந்த வேலி எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும்!

இதற்கிடையில் வங்காளத்து இச்சாப்பூரில் 1904-இல் ரைபிள் தொழிற்சாலை ஒன்று நிறுவப்பட்டது. ‘த்ரீ நாட் த்ரீ’ என்று நம் போலீஸ்காரர்கள் சொல்லும் .303 லீ-என்பீல்டு ரைபிள்கள் அங்கே உருவாயின. குடியரசான பின்பும் அந்தத் தொழிற்சாலை ஓய்ந்துவிடவில்லை. ரைபிளின் மேல் பொறிக்கும் முத்திரை மட்டும் மாறியது: மகுடம் போயிற்று, அசோகரின் சிங்கங்கள் வந்தன. 1948-இல் தேசிய மாணவர் படை தோன்றியது. சுட இயலாதபடி செய்து பயிற்சிக்கென ஒதுக்கிய அத்தகைய ரைபிள்களைத் தோளில் ஏந்தி அணிவகுத்த மாணவர்கள் எத்தனை பேர்! நேயர்களில் சிலருக்கு அந்தக் கனம் இன்னும் தோளில் நினைவிருக்கும்.

எல்லா உறுப்பும் எதிலும் சேரும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. லீ-என்பீல்டின் உடற்பகுதி, போல்ட், குழல், முன்முனை மூடி, மரக்கட்டை ஆகியவற்றில் ஒரே எண் பொறிக்கப்பட்டிருக்கும். போல்ட் தோட்டாவை எவ்வளவு நெருங்கி அடைக்கிறது என்பதில் மயிரிழைக் கணக்கு உண்டு. அது தவறினால் சுடுகிறவன் முகத்துக்கே ஆபத்து. பிற்கால வகையில் இதற்காகவே போல்ட்டின் தலையை 0 முதல் 3 வரை நான்கு அளவுகளில் செய்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவிலும் கனடாவிலும் மலிவாக விற்கப்பட்ட உபரி ரைபிள்களை வேட்டைக்காரர்கள் வாங்கி, பாரம் குறைய மரத்தை அறுத்து எறிந்தார்கள். இன்று அங்கே பழம்பொருள் சேகரிப்போர், எறிந்த அந்த மரத்தையும் முனைமூடியையும் தேடி அலைகிறார்கள். எண் பொருந்தும் உறுப்பு கிடைத்துவிட்டால் புதையல் கிடைத்த மகிழ்ச்சி!

நம் நாட்டில் அந்த வேட்கைக்கு இடமில்லை; இல்லாதது நல்லதே என்பது நம் அபிப்பிராயம். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் உறுப்புகளையும் அடக்கியிருக்கிறது. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய துப்பாக்கிக்கு விலக்கு உண்டு. சிறு உறுப்பு ஒன்றைத் தனியே வைத்திருப்பதற்கும் விலக்கு உண்டு. ஆனால் அதற்குத் துணையான மற்ற உறுப்புகளோடு அதைச் சேர்க்கும் நோக்கம், அவை அவரிடம் இருந்தாலும் வேறொருவரிடம் இருந்தாலும், இருத்தல் கூடாது. சட்டம் இயற்றியவர்கள் இரும்பின் இயல்பை நன்கு அறிந்திருக்கிறார்கள்! உறுப்புகள் பிரிந்து கிடந்தால் சரித்திரம். ஒன்று கூடினால் உயிர் குடிக்கும்.

அப்படியானால் குறைப்பட்டு நிற்கும் பழைய ஆயுதத்தை என்ன செய்வது? நம் கோயில்களே வழி காட்டுகின்றன. தேர் ஓட வேண்டியது. அச்சு முறிந்தால் புது அச்சு, மரச் சக்கரம் நைந்தால் இரும்புச் சக்கரம். திருச்சியின் பாரத மிகுமின் தொழிற்சாலை பல கோயில்களின் தேர்களுக்குச் சக்கரம் செய்து கொடுத்திருக்கிறது. பெரிதும் பின்னமான சிலையின் கதை வேறு. அதற்குப் பூஜை இல்லை. ஆயினும் அதைப் பார்த்து மகிழவும் பயிலவும் தடையில்லை. உடைந்த கைக்குப் பதிலாகச் சிமெண்டுக் கை ஒட்டினால்தான் கண் கூசுகிறது.

பழைய துப்பாக்கி இனி ஓட வேண்டிய தேர் அன்று. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்களையும், அதே எழும்பூரில் 2021-இல் திறக்கப்பட்ட காவல் அருங்காட்சியகத்தில் பழைய துப்பாக்கிகளையும் குழந்தைகளோடு சென்று காணலாம். நம் ஊர்களின் பழைய வீடுகளிலும் பள்ளிப் பண்டகசாலைகளிலும் இன்னும் எத்தனையோ மூலையில் கிடக்கக்கூடும். அவற்றை ஒளித்து வைப்பதும் தவறு. பழைய இரும்புக்குப் போடுவதும் தவறு. முறைப்படி அதிகாரிகளுக்குத் தெரிவித்து, முத்திரையையும் எண்ணையும் குறித்து வைத்து, காட்சிசாலைக்கு வழி செய்யலாம். இல்லாத உறுப்பை வேறொன்றிலிருந்து பிடுங்கிப் பொருத்த வேண்டியதில்லை. மகுட முத்திரை அழிந்திருந்தால் அதுவும் ஒரு செய்தி. குழலில் வரி இல்லையென்றால் அது அதைவிடப் பெரிய செய்தி.

அடுத்த முறை அண்ணாமலையாரைத் தரிசிக்கச் செல்லும் நேயர்கள், வெளியே வரும்போது மதிலோரம் ஒரு நிமிஷம் நில்லுங்கள். உடன் வரும் குழந்தை, அந்தத் துப்பாக்கிகள் எங்கே என்று கேட்டால் சொல்வதற்கு இப்போது உங்களிடம் ஒரு விடை இருக்கிறது.