பசியாறிட்டியா?

எங்கள் தோட்டத்தில் யாரும் யாரையும் 'நலமா' என்று கேட்டு நான் பார்த்ததில்லை. 'பசியாறியாச்சா?' என்றுதான் கேட்பார்கள். மலேசியத் தமிழர்களுக்குப் பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு. தோட்டத்தில் அது வணக்கத்துக்கும் பொது. சாவு வீட்டு வாசலில்கூட அதே கேள்விதான். சென்னையில் ஒரு நண்பரிடம் இப்படிக் கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். "பசி எப்படிங்க ஆறும்? அது என்ன புண்ணா?" என்றார். ஆமாம் என்று சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை.

2024 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, தொப்புளிலிருந்து மூன்று விரல் தள்ளி, முதல் ஊசியைப் போட்டுக்கொண்டேன். செமாகுளூட்டைட், 0.25 மில்லிகிராம். கடையில் அதற்குப் பெயர் ஓசெம்பிக். வாரம் ஒரு தடவை. அப்போது எனக்கு 35 வயது, 112 கிலோ.

தமிழ்ப்பள்ளி ஆசிரியன் நான். நான்காம் ஆண்டிலிருந்து மாணவர்களுக்கு 'செகாக்' உடற்தகுதிச் சோதனை உண்டு. உயரமும் எடையும் எடுத்து பிஎம்ஐ கணக்குப் போட வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தராசில் ஏறி இறங்கினார்கள். ஒருவன் இறங்கிய கையோடு, "சார், நீங்க ஏறலயா?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு ஏறிப் பார்த்தேன்.

அடுத்த வாரம் இரத்தப் பரிசோதனை. "சக்கரை இன்னும் உள்ள வரல, வாசல்ல நிக்குது" என்றார் டாக்டர். எங்கள் வீட்டு வாசலுக்கு அது புதிதில்லை. அப்பாவுக்கு 2009இல் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். 2013இல் போய்விட்டார். அம்மா பல வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று கண்டார்கள். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்றில் ஒருவர். எங்கள் லயத்து வீடுகளை வரிசையாக நினைத்துப் பார்த்தால் என்னால் அந்தக் கணக்கைப் பெயர் சொல்லியே எண்ண முடியும்.

இதற்கு எல்லாரும் சொல்லும் காரணம் ஒன்றுதான். "வாயக் கட்டணும்." டாக்டர் சொல்வார், கல்யாண வீட்டில் சொந்தக்காரர் சொல்வார், இரண்டாவது தட்டு மீயை முடித்துக்கொண்டே நண்பன் சொல்வான்.

ரந்தாவ் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தில் அம்மா பதினாறு வயதிலிருந்து பால் வெட்டினார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பெரட்டுக்கு நின்று, ஐந்நூறு மரத்துக்கு மேல் வெட்டி, காண்டா வாளியில் பாலைச் சுமந்து ஸ்டோருக்கு வர மதியமாகிவிடும். அதற்குத் தேவைப்பட்ட சாப்பாடு மலைபோல் சோறும், டின் பால் தளும்பத் தளும்ப ஊற்றிய தேத்தண்ணியும். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. உழைப்பு நின்றது. சோறும் தேத்தண்ணியும் அப்படியே நின்றுவிட்டன.

அதற்கும் முன்னால் பாட்டி. சப்பான்காரன் காலத்தில் பாட்டிக்கு எட்டு வயது. மூன்றரை வருடம் மரவள்ளிக்கிழங்கு. சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன அவருடைய அப்பா திரும்பி வரவில்லை. பாட்டி இருந்தவரை எங்கள் வீட்டில் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் முதுகில் விழும்.

2004இல் 'லான்செட்' இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டு ஒரு குறிப்பு எழுதினார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாக்னிக், இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. கருவில் கிடைத்த ஊட்டம் குறைவாக இருந்தால் உடம்பு கிடைத்ததைக் கொழுப்பாகச் சேர்த்துவைக்கப் பழகிவிடுகிறது என்பது யாக்னிக் போன்றவர்கள் முன்வைக்கும் விளக்கங்களில் ஒன்று. படித்தபோது பாட்டியின் கைதான் முதுகில் ஞாபகம் வந்தது.

மூன்றாவது வாரம் அது நடந்தது. பள்ளி முடிந்து சக ஆசிரியர்களோடு மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக். பேசிக்கொண்டே இருந்தோம். கிளம்பும்போது பார்த்தால் என் தட்டில் ஒன்றரை ரொட்டி அப்படியே கிடக்கிறது. நான் வேண்டுமென்று வைக்கவில்லை. மறந்துபோயிருந்தேன். என் வாழ்க்கையில் சாப்பாட்டை நான் மறந்தது அதுதான் முதல் தடவை.

காலையில் சாப்பிடும்போதே மதியத்துக்கு என்ன என்று நினைப்பது, வகுப்பில் பாடம் நடத்தும்போது பையிலிருக்கும் பிஸ்கட் ஞாபகத்திலேயே இருப்பது, ராத்திரி பதினோரு மணிக்குக் குளிர்பெட்டியைத் திறந்து வெளிச்சத்தில் நிற்பது, இதெல்லாம் எல்லாருக்கும் உள்ளதுதான் என்று நினைத்திருந்தேன். வெளிநாட்டில் இந்த மருந்து எடுத்தவர்கள் இதைச் சாப்பாட்டு இரைச்சல் என்கிறார்கள். மழை நின்ற பிறகுதான் தகரக் கூரையில் இவ்வளவு நேரம் எவ்வளவு சத்தம் இருந்தது என்று தெரியும். லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதலில் சந்தோசம். பிறகு கோபம். என் மனைவி சின்ன வயதிலிருந்தே ஒரு கரண்டி சோறு போதும் என்பாள். நான் அதை ஒழுக்கம் என்று நினைத்து அவளிடம் வெட்கப்பட்டிருக்கிறேன். அவளுக்குள் மழையே பெய்யவில்லை என்று இப்போதுதானே தெரிகிறது. அப்பா ராத்திரி அடுப்படியில் திருட்டுத்தனமாகச் சீனி அள்ளித் தின்றதை நாங்கள் கையும் களவுமாகப் பிடித்துத் திட்டியிருக்கிறோம். நானே திட்டியிருக்கிறேன். கால் போன பிறகும்.

மணிமேகலையில் காயசண்டிகை வருவாள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை மட்டும் சாப்பிடும் முனிவரின் நாவல் கனியைக் காலால் சிதைத்துவிட்டு, யானைத்தீ என்னும் பசிநோய்க்குச் சாபம் வாங்கியவள். எவ்வளவு தின்றாலும் அடங்காது. அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி வாங்கிச் சாப்பிட்டதும் தீர்ந்துபோகும். கல்லூரியில் படித்தபோது அவளைப் பேராசைக்கு உருவகம் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கினேன். சாத்தனார் நோய் என்றுதான் சொல்லியிருக்கிறார். நான்தான் குணம் என்று படித்திருக்கிறேன்.

என் அமுதசுரபியின் கதை ஒரு பல்லியிடம் போகிறது. நாம் சாப்பிட்டதும் குடலில் ஜிஎல்பி-1 என்றொரு சுரப்பி நீர் சுரக்கும். இன்சுலினைத் தூண்டும், இரைப்பை காலியாவதை மெதுவாக்கும், மூளைக்குப் போதும் என்று சொல்லும். ஓரிரு நிமிடத்தில் அழிந்தும் போகும். 1992இல் ஜான் எங் என்ற அமெரிக்க மருத்துவர், கிலா மான்ஸ்டர் என்னும் நச்சுப் பல்லியின் நஞ்சில் இதைப்போலவே வேலை செய்து, ஆனால் சீக்கிரம் அழியாத ஒன்றைக் கண்டுபிடித்தார். வருடத்தில் சில தடவை மட்டும் சாப்பிட்டே வாழக்கூடிய பல்லி அது. அதிலிருந்து 2005இல் முதல் மருந்து வந்தது. செமாகுளூட்டைட் மனித ஜிஎல்பி-1ஐ மாற்றிச் செய்தது, உடம்பில் ஒரு வாரம் தங்கும். 2017இல் அமெரிக்காவில் நீரிழிவுக்கு அனுமதி பெற்றது. எடைக்கென்று அதே மருந்து கூடுதல் அளவில், வெகோவி என்ற பெயரில், 2021இல் வந்தது.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவர் இன்னும் ரந்தாவில் தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போனால் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் காத்திருக்கும். நான் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் பிசைந்துகொண்டிருப்பேன். நாலாவது ஞாயிறு அம்மா கேட்டார்.

"என் கை ருசி போயிடுச்சா தம்பி?"

"இல்லம்மா, வெளிய சாப்ட்டேன்."

பொய் சொன்னதைவிட, அந்தக் குழம்பின் வாசனை எனக்குள் ஒன்றையும் எழுப்பாததுதான் பயமாக இருந்தது. சட்டை தொளதொளவென்று ஆன பிறகு பக்கத்து வீட்டு அக்காளிடம், "இவங்கப்பனும் இப்படித்தான் எளச்சான்" என்று அம்மா சொல்லியிருக்கிறார். தோட்டத்தில் ஒருவர் இளைத்தால் அது சர்க்கரை, இல்லாவிட்டால் காசநோய். மூன்றாவது காரணம் கிடையாது.

ஆடியில் கோயில் திருவிழா. எங்கள் தோட்டத்தில் லயம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, மாரியம்மன் மட்டும் செம்பனைக்கு நடுவே இருக்கிறாள். வருடத்தில் ஒரு நாள் சிரம்பான், நீலாய், கிள்ளான் என்று சிதறிப்போனவர்கள் அங்கே கூடுவோம். அன்னதானத்தில் எனக்குப் பரிமாறியவர் அப்பாவின் கூட்டாளி. வேண்டாம் என்று இலையை மறைக்க முடியாது. சாப்பிட்டேன். பத்து நிமிடத்தில் கோயிலுக்குப் பின்னால் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் வெளியே கொட்டினேன். நிமிர்ந்தால் அந்தப் பெரியவர் நிற்கிறார்.

"கோயிலுக்கே குடிச்சிட்டு வந்துட்டியா? அப்பன் மாதிரியே."

ஊசி என்று சொல்வதைவிடக் கள் என்று நினைக்க விடுவது அந்த நேரத்தில் சுலபமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா எங்கள் வீட்டுக்குத் தங்க வந்தார். தன் இன்சுலினை வைக்கக் குளிர்பெட்டியைத் திறந்தவர், காய்கறித் தட்டில் நான் ஒளித்துவைத்திருந்த பேனாவை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். கண்ணாடியைப் போட்டு எழுத்தைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். விலையையும் சொன்னேன். மாதம் 800 வெள்ளிக்கு மேல். 2025 பிப்ரவரியில் உயர்த்திய குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. அம்மா கடைசி வரைக்கும் மரம் வெட்டி வாங்கிய மாதச் சம்பளம் என் ஒரு மாத ஊசியைத் தொடாது. திட்டுவார் என்று இருந்தேன். "ஒரே எடத்துல குத்தாத, கட்டி கட்டிப்போயிடும். இந்த வாரம் இடது பக்கம், அடுத்த வாரம் வலது" என்று மட்டும் சொன்னார். அன்றிரவு அவர் தன் ஊசியையும் நான் என் ஊசியையும் அடுத்தடுத்து உட்கார்ந்து போட்டுக்கொண்டோம்.

அப்போதுதான் என்னை ஒன்று உறுத்தத் தொடங்கியது. இந்த மருந்து முதலில் வந்தது அம்மாவைப் போன்றவர்களுக்காக. 2022இலிருந்து உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வந்ததற்குப் பெரிய காரணம் என்னைப் போன்றவர்கள். அம்மாவுக்கு அரசாங்க கிளினிக்கில் இன்சுலினும் மெட்ஃபோர்மினும் காசில்லாமல் கிடைக்கின்றன. இந்த ஊசியை யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. கிட்னியில் லேசாகப் பாதிப்பு தொடங்கியிருக்கிறது. 2025 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இந்த வகை மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. யாருக்கு என்பதையும் சொல்லியிருக்கிறது. நீரிழிவும் உடல்பருமனும், அவற்றோடு இதயநோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு. அம்மாவின் அட்டையைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது.

அதற்குள் என் ஊசி நின்றிருந்தது. மே மாதம் 98 கிலோவில், கார் தவணையும் வீட்டுத் தவணையும் சேர்ந்து நெருக்க, நிறுத்தினேன். 68 வார ஆய்வில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தவர்கள், நிறுத்திய ஒரே வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள் என்று படித்திருந்தேன். படித்தது வேறு, ஐந்தாவது வாரம் ராத்திரி பதினோரு மணிக்குக் குளிர்பெட்டி வெளிச்சத்தில் நின்றது வேறு. இப்போது 105.

நானில்லாவிட்டாலும் அம்மாவுக்காவது வாங்கலாம், எப்படியாவது புரட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். டாக்டரிடம் கேட்போம் என்றேன். பசி குறையும், சர்க்கரை இறங்கும், கிட்னிக்கும் நல்லது என்று ஒரு பாடம்போல நடத்தினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"பசிக்காதா?"

"ரொம்பப் பசிக்காது."

"அது வேணாம் தம்பி. உங்க பாட்டிக்குப் பசி நின்னு எட்டாம் நாளு போச்சு. எனக்குப் பசிக்கட்டும்."

அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. டாக்டர் தேதி மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். அம்மா வருவாரா என்று தெரியாது.

போன ஞாயிறு போனேன். கருவாட்டுக் குழம்பு வாசலிலேயே அடித்தது, வாயில் நீர் ஊறியது. இரண்டு தட்டு சாப்பிட்டேன். அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. கரண்டியோடு மூன்றாவது முறை வந்து நின்றார். ஒரு வருடம் ஊசி எனக்காகப் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சில ஞாயிறு வாய் வருகிறது, சில ஞாயிறு வருவதில்லை. அன்றைக்கு வந்தது.