சுவரில் படியும் கறுப்பு

பிரித்தானியாவில் வாழும் எமது உறவினர்களுடன் குளிர்காலத்தில் தொலைபேசியில் பேசுகையில், பிள்ளைகளின் படிப்பு, வேலை, மின்கட்டணம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அடிக்கடி காதில் விழும் சொல் 'மோல்ட்' என்பதாகும். பூஞ்சணம் என்ற நல்ல தமிழ்ச் சொல் எம்மிடம் இருக்கவே செய்கிறது. ஆனால், ஊரில் பூஞ்சணம் பிடிப்பது பாணுக்கும் ஊறுகாய்க்கும் தோற்செருப்புக்கும்தான். வீட்டுச் சுவருக்கே பூஞ்சணம் பிடிக்கும் என்பது அங்கு சென்ற பின்னரே எம்மவருக்குத் தெரியவந்ததால் சொல்லும் அங்கிருந்தே வந்துவிட்டது போலும்.

2024 டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து ஆறு வாரங்கள் கிழக்கு லண்டனின் ஈஸ்ட்ஹாம் பகுதியில், எனது தங்கையின் மகள் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டில் தங்கியிருந்தேன். நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட செங்கல் வீடு. பின்புற அறையில் அவளது நான்கு வயது மகன் உறங்குவான். அந்த அறையின் அலுமாரியை ஒருநாள் நகர்த்தியபோது, அதன் பின்னாலிருந்த சுவர் ஆளுயரத்துக்குக் கறுத்திருந்தது. 1995 இடப்பெயர்வின்போது யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரிக்கும் பின்னர் வன்னிக்கும் சுமந்து செல்லப்பட்டுத் தப்பிய குடும்பப் புகைப்படத் தொகுப்பு அலுமாரியின் அடித்தட்டில் இருந்தது. அதன் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அதைவிடக் கவலை தந்தது பையனின் இருமலும் இரவில் கேட்கும் இழுப்பும்தான். இரண்டாவது குளிர்காலமாக அவன் இன்ஹேலர் பாவித்து வந்தான்.

வீட்டை நிர்வகிக்கும் முகவருக்கு மருமகள் மூன்று தடவை மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். வந்த பதில் ஒன்றுதான்: நீங்கள் அதிகம் சமைக்கிறீர்கள், உடுப்புகளை வீட்டுக்குள் உலர்த்துகிறீர்கள், ஆகவே ஒரு டிஹியூமிடிபையர் வாங்கி வையுங்கள்.

அவள் வாங்கினாள். அந்த இயந்திரத்தை ஈரமகற்றி என்று அழைக்கலாம். அடித்தட்டில் தண்ணீர்த் தொட்டியுடன் கூடிய சிறிய பெட்டி. காலையில் தொட்டியை இழுத்துப் பார்த்தால் இரண்டு லீற்றருக்குக் குறையாத தண்ணீர் இருக்கும். காற்றிலிருந்து இவ்வளவு நீரா என்று முதல் நாட்களில் நான் வியந்ததுண்டு.

வியப்பதற்கு எதுவுமில்லை என்பதைப் பாடசாலையில் படித்த பௌதிகம் நினைவூட்டியது. 20 பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகையில் 9 கிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மனிதர் மூச்சுவிடுவதாலும் குளிப்பதாலும் அரிசி அவிப்பதாலும் வெப்பமான அறையில் சேர்ந்த நீராவி, குளிர்ந்த வெளிச்சுவரைத் தொட்டதும் தாங்குவாரற்று நீராகப் படிகிறது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் வியர்ப்பதும் இதனாலேயே. சுவரில் நீர் வழியக்கூட வேண்டியதில்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதன் நாட்கணக்கில் 80 சதவீதத்துக்கு மேல் நின்றாலே பூஞ்சணத்துக்குப் போதும். அலுமாரியின் பின்புறத்தில் காற்றும் ஓடாது, அறையின் வெப்பமும் சென்று சேராது. அதனாலேயே அது அங்கு குடியேறுகிறது.

இவ்விடத்தில் வெப்பநாட்டிலிருந்து சென்ற எம்மைக் குழப்பும் விடயம் ஒன்று உண்டு. மாரி மழையில் யன்னலைத் திறந்தால் வீட்டுக்குள் ஈரம் வரும் என்பது எமது பரம்பரை அறிவு. கொழும்பில் அது உண்மை. 30 பாகைக் காற்று 80 சதவீத ஈரப்பதனோடு வருகையில் கன மீற்றருக்கு 24 கிராம் நீரைக் கொண்டுவருகிறது. லண்டனில் இதே அறிவு நேரெதிராகத் திரும்பிவிடுகிறது. வெளியே 5 பாகைக் குளிரில் தூறல் விழுந்துகொண்டிருந்தாலும் அந்தக் காற்றில் இருப்பது சுமார் 6 கிராம் மட்டுமே. அதை உள்ளே எடுத்து 20 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதன் 35 சதவீதமளவுக்கு இறங்கிவிடும். நசநசவென்றிருக்கும் வெளிக்காற்றுத்தான் வீட்டை உலர்த்துகிறது! மருமகளின் மாமியார் இதனைக் கடைசிவரை நம்பவில்லை. குளிருக்கு அஞ்சி அவர் மூடிய யன்னல்களை நான் திறப்பதும், நான் திறந்தவற்றை அவர் மூடுவதுமாக ஆறு வாரங்களும் கழிந்தன.

ஆனால், யன்னலைத் திறந்தால் காசு கொடுத்து வாங்கிய வெப்பமும் வெளியே போய்விடும் என்ற அவரது வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஈரமகற்றியின் பயன் அங்கேதான். உள்ளே குளிர்ந்த உலோகச் சுருளொன்றின் மீது அறைக் காற்றை இழுத்து, நீரைப் படியவைத்து, பின் அதே காற்றைச் சற்றுச் சூடாக்கி வெளியே விடுகிறது. நீராவி நீராகும்போது வெளிவிடும் மறைவெப்பமும் அறைக்கே சேர்கிறது. 200 வாற்று இயந்திரம் ஐந்து மணித்தியாலங்கள் ஓடினால் செலவாவது ஓர் அலகு மின்சாரம். 2025 ஆம் ஆண்டில் அதன் விலை 25 பென்ஸ் முதல் 27 பென்ஸ் வரை இருந்தது.

வாங்க எண்ணுபவர்கள் விளம்பரத்தில் உள்ள லீற்றர் கணக்கில் மயங்க வேண்டாம். பெட்டியின் மீது எழுதப்பட்டுள்ள '12 லீற்றர்' பெரும்பாலும் 30 பாகை வெப்பத்திலும் 80 சதவீத ஈரப்பதனிலும் அளக்கப்பட்டது. அது எங்கள் மட்டக்களப்பின் காலநிலை. லண்டனின் படுக்கையறையில் அதில் பாதியும் கிடைக்காது. வெப்பமேற்றாத, 15 பாகைக்கும் கீழான அறைகளுக்குச் சுருள் வகை பொருந்தாது. ஈரமுறிஞ்சும் சில்லு சுழலும் இன்னொரு வகை உண்டு. அது குளிரிலும் நன்கு இயங்கும், ஆனால் மின்சாரத்தை அதிகம் குடிக்கும். சிறிய ஈரப்பதமானி ஒன்றை வாங்கி வைத்து 50 முதல் 60 சதவீதத்துக்குள் நிறுத்தினால் போதுமானது. உடுப்புகள் உலர்த்தும் கொடியை ஓர் அறையில் வைத்து, கதவையும் யன்னலையும் மூடி இயந்திரத்தை ஓடவிடுவதே அதன் மிகச் சிறந்த பாவனை. மற்ற நேரங்களில் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இதை ஓட்டுவது, கிணற்றில் இறைத்துக் கடலில் ஊற்றுவது போன்றது.

பத்திரிகைத் தொழிலில் ஊறியவன் என்பதால் ஒரு செய்தியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. குளிர்ந்த சுருளைக் கொண்டு காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பை 1902 இல் வடிவமைத்த வில்லிஸ் கரியர் என்ற 25 வயது இளைஞர், அதனைச் செய்தது நியூயோர்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்காக. கோடைகால ஈரத்தில் கடதாசி விரிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் வண்ணங்கள் இடம் பிசகின. இன்றைய குளிரூட்டிகளின் மூலமும் அதுவே. மனிதரின் சுகத்துக்காக அல்ல, கடதாசியின் சுகத்துக்காகப் பிறந்தது அது.

நிற்க. இயந்திரம் வந்து மூன்று வாரங்களாகியும் அலுமாரிச் சுவர் மாறவில்லை. மற்றைய அறைகளின் யன்னல் ஓரங்கள் உலர்ந்துவிட்டன. துடைத்த புள்ளிகள் திரும்பி வரவில்லை. இந்தச் சுவரில் மட்டும், மழை பெய்த மறுநாள் விளிம்பு பழுத்த தேசப்படம் போன்ற கறை அகன்றுகொண்டே சென்றது. ஈரப்பதமானியோ 52 என்று காட்டியது. மருமகள் வெளியே சென்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து கேட்டாள்: "மாமா, என்ரை கறிச்சட்டி ஆவி கூரைப் பீலியால வழிஞ்சு சுவருக்கு வெளியாலயும் படியுமே?"

பீலி வெடித்திருந்தது. அங்கிருந்து வழிந்த மழைநீரை ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் ஆண்டுக்கணக்கில் குடித்துக்கொண்டிருந்தது. அந்த நீரை உள்ளிருந்து ஓர் இயந்திரத்தால் உறிஞ்சுவதென்றால், குடியிருப்பவர் தமது செலவில் மழையை வற்றச்செய்ய வேண்டும்.

சமையலும் குளியலும் காரணம் என்று கூறித் தட்டிக்கழிப்பது எங்கு கொண்டுபோய் விடும் என்பதற்கு வட இங்கிலாந்தின் ரொச்டேலில் 2020 டிசம்பரில் இறந்த அவாப் இஷாக் சாட்சியாக இருக்கிறான். சூடானிலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளை. இரண்டு வயது நிறைந்து எட்டு நாட்கள். தந்தை 2017 முதல் பூஞ்சணம் குறித்து முறையிட்டிருந்தார். மேலே நிறம் பூசிவிடுமாறு கூறப்பட்டது. நீண்டகாலம் பூஞ்சணத்தைச் சுவாசித்ததால் ஏற்பட்ட கடும் சுவாச நோயே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். குடும்பத்தின் வாழ்க்கை முறை குறித்துத் தாம் தவறான அனுமானங்களை மேற்கொண்டதாக வீடமைப்பு நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது. இதற்கு முன்னரே, 2021 இல், இங்கிலாந்தின் வீடமைப்புக் குறைகேள் அதிகாரி வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே 'இது வாழ்க்கை முறை அல்ல' என்ற கருத்து இடம்பெற்றிருந்தது. குழந்தையின் பெயரால் வந்த சட்டவிதிகள் 2025 ஒக்டோபர் 27 முதல் சமூக வீடுகளுக்கு நடைமுறைக்கு வந்தன. குறிப்பிடத்தக்க அபாயமான ஈரலிப்பையும் பூஞ்சணத்தையும் 10 வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும். ஆபத்து உறுதியானால் அடுத்த 5 வேலை நாட்களுக்குள் நீக்க வேண்டும். உயிராபத்தான அவசர நிலைகளுக்கு 24 மணித்தியாலங்கள். தனியார் வாடகை வீடுகளுக்கும் இதை விரிவுபடுத்த 2025 இன் வாடகையாளர் உரிமைச் சட்டம் வழிசெய்கிறது.

மருமகள் குடியிருந்தது தனியார் வீடு. காரணம் கூறாமலே குடியிருப்பவரை எழுப்பும் உரிமை அக்காலத்தில் வீட்டுக்காரருக்கு இருந்தமையால், முறையிட அவள் கணவர் தயங்கினார். அந்தத் தயக்கத்தை எம்மவரின் வீடுகள் பலவற்றில் கண்டிருக்கிறேன். விசா, வங்கிக் கடன், பிள்ளையின் பாடசாலை என்று அதற்கு வேர்கள் பல. இறுதியில் அவளே திகதியிட்ட படங்களையும் ஈரப்பதமானியின் அளவீடுகளையும் இணைத்து உள்ளூராட்சி சபையின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவுக்கு எழுதினாள். அதிகாரி வந்தார், பீலியைப் பார்த்தார், கொடுத்த காபியையும் குடித்தார், வீட்டுக்காரருக்குக் கடிதம் போனது. பெப்ரவரியில் புதிய பீலி பொருத்தப்பட்டது. நான் அதற்கு முன்னரே கொழும்பு திரும்பிவிட்டேன்.

ஓர் அங்குலத் தடிப்பு உலர ஒரு மாதம் என்பது கட்டட வேலையாட்களின் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர். பையனின் கட்டிலை முன் அறைக்கு மாற்றியிருப்பதாகவும், ஈரமகற்றி இப்போது உடுப்புக் கொடியின் அருகில் ஓடுவதாகவும் மருமகள் சொன்னாள். படத் தொகுப்பில் பதினொரு படங்களைப் பிரித்தெடுக்க முடிந்திருக்கிறது.