துலக்கும் பஞ்சைத் துலக்குதல்

2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானதும் நானும் என் தம்பியும் வேறு வேறு மாவட்டத்தவர் ஆனோம். நான் திருப்பதியில் ஆய்வு மாணவன். அவன் சித்தூரில் கார் பாலிஷ் போடுகிறான். உதவித்தொகை வராத மாதங்களில் என் விடுதிக் கட்டணம் அவன் கூலியிலிருந்தே வருகிறது. அக்கூலியோ ஒரு வட்டப் பஞ்சின் தூய்மையைப் பொறுத்தது.

காரின் நிறத்துக்கு மேலுள்ள தெளிபூச்சு ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. காம்பவுண்டும் உதிர்ந்த பெயிண்டும் பஞ்சின் துளைகளில் இறுகினால் சூடேறி வட்டக் கீறல்கள் விழும். சித்தூர்ப் பக்கம் கிரானைட் தூளும் பறக்கிறது. அதிலுள்ள குவார்ட்ஸ், பூச்சைவிட மிகக் கடினமானது. ஆகவே தரையில் விழுந்த பஞ்சைக் கழுவாமல் அவன் தொடுவதில்லை. கறுப்பு வண்டியில் கீறல் தெரிந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். (திருமலைக்குப் புறப்படுமுன் வண்டியை மின்னவைப்போர் எல்லாரும் கறுப்பு வண்டிக்காரர்களோ என்று எனக்கு ஐயம்.)

ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நுரைப்பஞ்சைத் தூரிகையால் தேய்த்து உதறுகிறான். மாலையில் வெதுவெதுப்பான நீரும் மென்சோப்பும். முறுக்காமல் அழுத்திப் பிழிந்து நிழலில் உலர்த்துவான். கடும் சூடு பின்புற வெல்க்ரோவின் பசையை இளக்கிவிடும். ஒரு காம்பவுண்டுக்கு ஒரு பஞ்சு என்பதில் அவன் காட்டும் கண்டிப்பை, பாடபேதம் குறிக்கும் பதிப்பாசிரியர் சிலரிடம்கூட நான் கண்டதில்லை.

பஞ்சுகளை அவனே வாங்கவேண்டும். இரண்டின் ஓரம் கிழிந்துவிட்டதாக நேற்றுச் சொன்னான். கட்டணத்தின் கடைசி நாளையும் கேட்டான்.