கீறல் விழுந்த ரெக்கார்டு

என்னிடம் மிச்சம் இருக்கும் எல்.பி. ரெக்கார்டுகளில் ஆறு, ஜமைக்கா தீவின் இசை. புதுச்சேரி அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவனிடம் இவை எப்படி வந்தன என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். "தம்பி கொண்டு வந்தது" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

தம்பி என்றால் கூடப் பிறந்தவன் அல்ல, சித்தப்பா மகன். சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இந்தோசீனாவில் சண்டை போட்டவர். எங்கள் ஊர் வழக்கில் சொல்வதானால் 'சொல்தா'. 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுத்தார். என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் நான் இங்கே ஃபைல் கட்டினேன், தம்பி பாரீஸ் பக்கம் போய்த் தொழிற்சாலையில் சேர்ந்தான். இரண்டு பேரும் படித்தது ஒரே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில்தான். தேசிய கீதம் என்று முதன்முதலில் நாங்கள் மனப்பாடம் செய்ததே மார்செய்யேஸ்தான்.

1981 ஜூலையில் லீவில் வந்தவன், துணிகளுக்கு நடுவே வைத்து ரெக்கார்டுகளைக் கொண்டு வந்தான். பாப் மார்லி இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தம்பி அந்தத் துக்கத்திலேயே இருந்தான். எனக்கோ அந்தப் பெயரே புதிது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் டேப்ரெக்கார்டரில் ஓயாமல் போட்டுக்கொண்டிருந்த போனி எம் பாட்டுகள்தான் எனக்குத் தெரிந்த வெளிநாட்டுச் சங்கீதம். அதைச் சொன்னதும் தம்பி சிரித்துவிட்டு, 'தி ஹார்டர் தே கம்' என்ற 1972-ம் வருடத்துப் படத்தின் ரெக்கார்டை எடுத்து வைத்தான். ஊர் முழுக்க ஒலித்த 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' பாட்டின் அசல் அதில் இருந்தது. மெலோடியன்ஸ் என்ற ஜமைக்காக் குழு 1970-ல் பாடியது. பைபிளின் சங்கீதப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள், அடிமைகளின் பேரப்பிள்ளைகள் பாடுகிறார்கள். போனி எம் பாடியதில் ஒரு திருவிழா இருந்தது. இதில் வீட்டுக்குத் திரும்ப வழியில்லாதவனின் குரல் இருந்தது.

முதலில் எனக்குத் தாளமே பிடிபடவில்லை. நாலு எண்ணிப் பார்த்தேன். முதல் எண்ணிக்கையில் ஒன்றுமே விழவில்லை. இரண்டிலும் நாலிலும் கிடார் 'சக்' என்று வெட்டுகிறது. டிரம் மூன்றில்தான் கனமாக இறங்குகிறது. அடி விழ வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. நம் பாட்டிலும் சமத்தில் தொடங்காமல் இடம் தள்ளி எடுப்பது உண்டு, ஆனால் அது வித்வான் செய்யும் நுட்பம். அங்கே தெருவில் ஆடுகிறவனுக்கே அது சாதாரணம். தம்பி சொன்னான்: "அண்ணே, டிரம்மக் கேக்காதீங்க, பேஸ் கிடாரக் கேளுங்க. பாட்டு அதுலதான் இருக்கு." அன்று முதல் அப்படித்தான் கேட்கிறேன்.

பாரகன்ஸ் என்ற மூவர் குழுவின் 'ஆன் தி பீச்' அந்த ஆறில் ஒன்று. 1967-ல் வந்தது. ரெகே பிறப்பதற்கு முந்தைய இசை, ராக்ஸ்டெடி என்று பெயர். அதற்கும் முன்னால் இருந்தது ஸ்கா, ஊதுகுழல்களோடு ஓடுகிற வேகம். 1966 வாக்கில் அந்த வேகம் சட்டென்று தணிந்தது. அந்த வருடம் வெயில் கொளுத்தியதால் ஆடுகிறவர்களுக்கு மூச்சு வாங்கியது, அதனால்தான் என்று ஒரு கதை உண்டு. ஹோப்டன் லூயிஸ் என்ற பாடகருக்கு வேகமாகப் பாட வரவில்லை, மெதுவாக வாசிக்கச் சொன்னார் என்று இன்னொரு கதை. காரணம் எதுவானாலும், மெதுவானதும் பாட்டில் இடம் கிடைத்தது. பேஸ் கிடார் முன்னால் வந்தது, மூன்று குரல்கள் சேர்ந்து காதலைப் பாட நேரம் கிடைத்தது. ஆல்டன் எல்லிஸ் 1967-ல் 'ராக் ஸ்டெடி' என்றே ஒரு பாட்டுப் பாடினார். மொத்தம் இரண்டு வருடம்தான், 1968-ல் அது ரெகேயாக மாறிவிட்டது. என்னைக் கேட்டால் அந்த இரண்டு வருடப் பாட்டுகளுக்கு ஈடு பின்னால் வரவில்லை. மார்லி பக்தனான தம்பி இதை ஒப்புக்கொள்ள மாட்டான்.

அந்தப் பாட்டுகளில் பெரும்பாதி இரண்டு இடங்களில் உருவானவை. ஒன்று, கிங்ஸ்டன் நகரில் பிரென்ட்ஃபோர்ட் சாலை 13-ம் எண்ணில் காக்ஸன் டாட் நடத்திய ஸ்டூடியோ ஒன். இன்னொன்று, பாண்ட் தெருவில் டியூக் ரீட் நடத்திய டிரெஷர் ஐல். ரீட் பழைய போலீஸ்காரர். கீழே சாராயக் கடை, மாடியில் ஸ்டூடியோ. இடுப்பில் துப்பாக்கியோடு வந்து நிற்பாராம். அப்படிப்பட்ட இடத்திலிருந்து இவ்வளவு மென்மையான பாட்டுகள் வந்தன என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். பாரகன்ஸின் ஜான் ஹோல்ட் எழுதிய 'தி டைட் இஸ் ஹை' அங்கே பதிவானதுதான். 1980-ல் பிளான்டி என்ற அமெரிக்கக் குழு அதை மறுபடி பாடி உலகம் முழுக்கப் புகழ் பெற்றது.

அந்தச் சாராயக் கடை மாடியில் பாடியவர்களில் ஃபில்லிஸ் டில்லன் எனக்கு ரொம்பப் பிடித்தவர். என் பேரன் போனில் போட்டுக் காட்டித்தான் இவரைத் தெரிந்துகொண்டேன். 1967 முடிவில் நியூயார்க் போய் ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். விடுமுறையில் விமானம் ஏறி ஜமைக்கா வந்து, ரீடுக்குச் சில பாட்டுப் பாடிக் கொடுத்துவிட்டு, திரும்பவும் வங்கி மேசைக்கே போய்விடுவார். 1971 வாக்கில் பாடுவதையும் நிறுத்திவிட்டார். லீவ் லெட்டரில் என்ன காரணம் எழுதியிருப்பார் என்று யோசிப்பேன். குமாஸ்தா புத்தி.

மற்ற ரெக்கார்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்லியின் 'கேட்ச் எ ஃபயர்', 'எக்ஸோடஸ்' இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. பர்னிங் ஸ்பியரின் 'மார்கஸ் கார்வி' 1975-ல் வந்தது. அதைக் கேட்கப் பொறுமை வேண்டும், கிட்டத்தட்ட ஜபம் மாதிரி. கார்வி, ஸ்பியர், மார்லி மூவருமே செயின்ட் ஆன் என்ற ஒரே வட்டாரத்தில் பிறந்தவர்கள். இவர்கள் புனிதமாகப் புகைக்கிற கஞ்சாவும், அந்தச் சொல்லும், 1845 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன நம் நாட்டுக் கூலிகளோடு அங்கே போனவை என்பார்கள். நம் காரைக்கால், புதுச்சேரியில் கப்பல் ஏறியவர்கள் இறங்கியது அதே கடலில் உள்ள மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும்.

ஆறாவது ரெக்கார்டுதான் வினை. பாடியவர் பிரெஞ்சுக்காரர், செர்ஜ் கேன்ஸ்பூர். 1979 ஜனவரியில் அவர் கிங்ஸ்டனுக்கே போய், ஸ்லை டன்பர் டிரம், ராபி ஷேக்ஸ்பியர் பேஸ் கிடார், மார்லியோடு பாடிய மூன்று பெண்களின் குரல் என்று வைத்து ஒரு ரெக்கார்டு போட்டார். அதில் மார்செய்யேஸை ரெகே ஆக்கியிருந்தார். 'ஓ ஸார்ம் எ செத்தெரா' என்று அதற்குத் தலைப்பு. லாரூஸ் கலைக்களஞ்சியத்தில் பல்லவியைத் திரும்ப அச்சிடாமல் 'இத்யாதி' என்று போட்டிருந்ததாம். அவர் அதையே பாடிவிட்டார். பிரான்ஸ் கொந்தளித்தது. 1980 ஜனவரி 4-ம் தேதி ஸ்ட்ராஸ்பூர் நகரில் பாராசூட் படைக்காரர்கள் அரங்கத்துக்குள் வந்துவிட்டார்கள். கேன்ஸ்பூர் வாத்தியமே இல்லாமல் தனியாக மேடையில் நின்று அசல் கீதத்தைப் பாடினார். கலைக்க வந்தவர்கள் விறைத்து நின்று சல்யூட் அடிக்க வேண்டியதாயிற்று.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அன்று கத்தோர்ஸ் ஜூய்யே, ஜூலை 14. சித்தப்பா காலையில் மெடல் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போய்வந்து, சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். தம்பி பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தான். அட்டையில் பிரெஞ்சு எழுத்தைப் பார்த்த ஆவலில் நான்தான் அந்த ரெக்கார்டை எடுத்து வைத்தேன். எனக்குப் புரிகிற மொழியில் அந்தக் குவியலில் இருந்தது அது ஒன்றுதான்.

கீதத்தின் முதல் வார்த்தைகள் காதில் விழுந்ததும் சித்தப்பா எழுந்து நின்றார். வேட்டி, பனியனோடு, இரண்டு கையும் தொடையில் ஒட்டி, அட்டென்ஷனில். கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. அரை நிமிடம் அப்படியே நின்றிருப்பார். பின்னணியில் பெண்கள் பாடத் தொடங்கியபோதுதான் முகம் மாறியது. வந்து, ஊசியைக் கையால் பிடித்து இழுத்தார். சர்ர் என்று ஒரு சத்தம்.

தலையைத் துவட்டிக்கொண்டு தம்பி உள்ளே வந்தான். சித்தப்பா அவனைப் பார்த்தே கேட்டார், "இந்தப் பாட்டுக்காக எத்தினி பேரப் பொதச்சிட்டு வந்திருக்கேன், தெரியுமாடா ஒனக்கு?" நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி, "நான்தாம்ப்பா வச்சேன், தப்புதான்" என்றான்.

நான் மறுத்துப் பேசவில்லை. முப்பது வயது, அரசாங்க உத்தியோகம், ஒரு குழந்தைக்குத் தகப்பன். பேசாமல் நின்றேன்.

தம்பி கிளம்பிய அன்று சித்தப்பா அறையை விட்டு வெளியே வரவில்லை. பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். "ரெக்கார்ட நீங்களே வச்சிக்குங்கண்ணே, அப்பா கண்ணுல படாம" என்றான். அதன்பிறகு கடிதம் சித்தி பெயருக்கு மட்டும் வந்தது. அவன் மறுபடி ஊருக்கு வந்தது 1987-ல், சித்தப்பாவின் காரியத்துக்கு. இடையில் ஆறு வருடம். சித்தப்பா வீடு எங்கள் தெருவிலேயேதான். மாதம் இரண்டு முறையாவது போவேன், பென்ஷன் காகிதங்களை நிரப்பித் தருவேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் போவேன்.

கேன்ஸ்பூர் கேலி செய்தார் என்று இப்போது நான் நினைக்கவில்லை. ரஷ்யாவிலிருந்து ஓடிவந்த யூதர்களின் பிள்ளை அவர். சிறுவயதில் மஞ்சள் நட்சத்திரம் குத்திக்கொண்டு திரிந்தவர். 1981 டிசம்பரில் ருழே த லீல் கைப்பட எழுதிய மார்செய்யேஸ் பிரதி ஒன்றைப் பெரும் விலை கொடுத்து ஏலத்தில் எடுத்தார். சித்தப்பாவுக்கு இதைச் சொல்லியிருக்கலாம். அவரும் கேட்டிருப்பார், பேப்பர் படிக்கிற மனிதர்தான். ஆனால் இந்தப் பேச்சை எடுத்தால் அந்தப் பேச்சும் வரும்.

2021 டிசம்பர் 8-ம் தேதி ராபி ஷேக்ஸ்பியர் இறந்தார். மறுநாள் இரவு தம்பி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். அவனுக்கும் வயது எழுபதை நெருங்குகிறது. ராபியின் பேஸ் கிடாரைப் பற்றி அவன் கொஞ்ச நேரம் பேசியபிறகு, நாற்பது வருடமாக வைத்திருந்ததை நான் சொன்னேன். சித்தப்பாவிடம் சொல்லாமலே விட்டேன், உன் மேல் பழி அப்படியே நின்றுவிட்டது என்றேன். அவன் உடனே பதில் சொல்லவில்லை.

பிறகு, "அந்த ரெக்கார்டு இருக்காண்ணே?" என்று கேட்டான்.

"இருக்கு."

"போடுங்க, கேக்கலாம்."

போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துவிட்டு ஊசியை இறக்கினேன். ராபியின் பேஸ் அறை முழுக்க வந்தது. பெண்களின் குரல் தொடங்கும் இடத்தில் வழக்கம்போல் ஊசி துள்ளியது.

"அப்பா வந்துட்டாரு" என்றான் தம்பி. சிரித்தானா என்று போனில் சரியாகத் தெரியவில்லை.

அந்தப் பக்கம் முடிந்ததும், பாரகன்ஸைப் போடச் சொன்னான்.